நாட்டுக்கு உரியவர் யார்? 1948 எழுப்பிய கேள்வி

வட்டவளையைத் தாண்டி ஹட்டனை நோக்கி ஏறும் ரயில் பாதையில் றொசல்ல நிலையம் இருக்கிறது. சுற்றிலும் தேயிலை, மலைச்சரிவில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள். எழுபதுகளில் மலையகத்திலிருந்து இதே பாதை வழியாக இறங்கித் தலைமன்னாருக்கு ஆட்களைக் கொண்டுபோன ரயிலுக்குத் தோட்டத்துச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறியவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இலங்கைப் பிரஜை, தம்பி இந்தியப் பிரஜை என்று காகிதம் பிரித்துவிட்டிருந்தது. போனவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணாலும் பார்த்ததில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்தெடுத்து, பெற்றோரை இந்த மண்ணிலேயே புதைத்தவர்கள்.

அவர்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. அந்தப் பயணத்துக்கு அடித்தளமிட்டது, முறைப்படி தேர்தல் நடத்தித் தெரிவுசெய்யப்பட்ட ஒரு பாராளுமன்றம், முறைப்படி விவாதித்து, முறைப்படி வாக்கெடுத்து நிறைவேற்றிய ஒரு சட்டம். தேசியவாதம், மாற்றுக் கருத்து, பன்மைத்துவ ஜனநாயகம் என்றெல்லாம் பேசும்போது நமக்கு வேறெந்த நாட்டின் உதாரணமும் முதலில் தேவையில்லை. மூன்றும் ஒன்றோடொன்று மோதிய கதை நம் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

வாக்கு இருந்தது, பிறகு இல்லை

1820களில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கோப்பியை நோய் அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகள் இருந்தபோதும் பெருந்தொகையானோர் வாக்காளரானார்கள். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து கோ. நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்டத்துக்குள் கூட்டம் போடவே துரையின் அனுமதி வேண்டியிருந்த காலம் அது. அவரும் அவருடைய மனைவி மீனாட்சி அம்மையும் துண்டுப் பிரசுரங்களாலும் பாட்டாலும் ஆட்களைத் திரட்டினார்கள். 1939இல் நேரு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் இறந்தார். சங்கம் அமைக்கும் உரிமையும் கூலியும் இந்த மண்ணில் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்தவை அல்ல.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா அவர்களில் சிலர். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்கு விழுந்தன. ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு இது பெரிய அச்சத்தைத் தந்தது.

அடுத்த வருடம் சுதந்திரம். அதே வருடம் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம். நவம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தானே இங்கே பிறந்தது போதாது. லயத்தில் பிறந்த எத்தனை பேருக்குத் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? கிராமத்துச் சிங்களக் குடியானவர் பலரிடமும் அப்படிப்பட்ட பத்திரம் இருந்திராது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1949இல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. திருமணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் இடையறாது இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும், வருமானத்தையும் காட்ட வேண்டும், இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் சாவு என்று ஒருமுறை இந்தியா போய் வந்தாலும் அந்தத் தொடர்ச்சி கேள்விக்குள்ளானது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. 1964 வரை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. இன்னொரு சட்டம் தேர்தல் சட்டத்தைத் திருத்திப் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றாக்கியது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

இதற்குள் இன்னொரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. தொகுதிகளைப் பிரிக்கும்போது 75 ஆயிரம் பேருக்கு ஓர் ஆசனம் என்று மொத்தச் சனத்தொகையை வைத்தே கணக்கிட்டார்கள். வாக்கில்லாத தோட்டத்துச் சனமும் அந்தத் தலைக்கணக்கில் சேர்ந்தார்கள். ஆகவே மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின, அவற்றைத் தெரிவுசெய்தவர்கள் அங்கிருந்த சிங்கள வாக்காளர்கள். எண்ணுவதற்கு நாம் வேண்டும், கேட்பதற்கு வேண்டாம்.

சட்டம் யாருடைய பெயரையும் சொல்லவில்லை

அப்போதிருந்த சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு ஒரு காப்பு இருந்தது. பிரிவு 29(2). ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ, மற்றவர்களுக்கு இல்லாத இடையூறு எதையும் பாராளுமன்றம் சட்டத்தால் சுமத்தக்கூடாது என்பது அதன் சாரம். படிக்கும்போது இரும்புக் கதவு போலத் தெரியும்.

றுவன்வெல்லத் தொகுதி இடாப்பில் கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயரைச் சேர்ப்பது பற்றிய வழக்கில் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். விசாரித்த அதிகாரி பெயரைச் சேர்க்கச் சொன்னார். 1951இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953இல் லண்டனிலிருந்த கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) உயர் நீதிமன்றத்தின் முடிவையே உறுதிசெய்தது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை, இந்தச் சட்டம் ஒரு சமூகத்தைக் குறிவைத்தது என்று கொள்ள முடியாது என்பது அதன் நிலைப்பாடு.

உண்மைதான், சட்டத்தில் "இந்தியத் தமிழர்" என்று எழுதி யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை. அளவுகோலை மட்டும் எழுதினார்கள். அந்த அளவுகோல் யாரை வெளியே தள்ளும் என்று எழுதியவர்களுக்கும் தெரியும், வாக்களித்தவர்களுக்கும் தெரியும். பெரும்பான்மைத் தேசியவாதம் அநேகமாக இப்படித்தான் வேலை செய்கிறது. பொது விதி போல ஒன்று வரும், அதன் பாரம் ஒரு கூட்டத்தின் முதுகில் மட்டும் விழும். அசாமில் 2019 ஓகஸ்டில் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர் இல்லாமல் போனது. அங்கும் கேட்டது பழைய பத்திரம்தான். பர்மாவின் 1982 குடியுரிமைச் சட்டம் ரொஹிங்யா மக்களைத் தங்கள் மண்ணிலேயே அந்நியராக்கியது. மலையகத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தச் செய்திகளைப் படித்தால் புதிதாக விளக்கம் வேண்டியதில்லை.

தேசப்பற்று வேறு, இது வேறு. பிறந்த இடத்தை நேசிப்பதும் அதற்காக உழைப்பதும் எவருக்கும் உரியது. அந்த நேசத்துக்கு இரத்தம், மொழி, மதம் என்று ஒரு தகுதி வைத்து, அது இல்லாதவரைச் சந்தேகத்துக்குரியவராக்கும்போதுதான் தேசியவாதம் நோயாகிறது. வயிற்றுப்பாட்டுக்கு மலையேறிய கூலியைக் கள்ளத்தோணி என்று திட்டியவர்கள், நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த தேயிலையை மட்டும் இலங்கைத் தேயிலை என்று பெருமையாகச் சொன்னார்கள்.

கண்டிச் சிங்களக் குடியானவரின் மனக்குறை பொய்யல்ல. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்தவர் பயன்படுத்திவந்த காடுகளையும் சேனை நிலங்களையும் அரச நிலமாக்கித் தோட்டக்காரர்களுக்கு விற்க வழிசெய்தது. அவர்கள் நிலம் இழந்தார்கள். ஆனால் பறித்தது பிரித்தானிய அரசும் தோட்டக் கம்பனிகளும். தண்டனை விழுந்தது அதே நிலத்தில் நாட்கூலிக்கு முதுகு வளைத்தவர்மேல். நியாயமான கோபத்தைத் தவறான வாசலுக்குத் திருப்பிவிடுவது அரசியல்வாதிக்கு எப்போதும் மலிவான வழி.

எதிர்த்தவர்கள் யார்?

மாற்றுக் கருத்து என்றால் அரசாங்கத்தைத் திட்டுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தான் சார்ந்த பெரும்பான்மை ஒரு தவறைச் செய்யும்போது, அதனால் தனக்கு நட்டம் வந்தாலும், இது தவறு என்று எழுந்து நிற்பதுதான் அதன் உயர்ந்த வடிவம். 1948இல் அப்படி நின்றவர்கள் இருந்தார்கள். என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் போன்ற இடதுசாரிகள் சட்டத்தை எதிர்த்தார்கள். அவர்கள் தமிழர்கள் அல்லர். பிற்காலத்தில் அவர்களுடைய கட்சிகள் இனக் கேள்வியில் எடுத்த நிலைகள் நமக்கு மிகுந்த ஏமாற்றம் தந்தவை. ஆனாலும் அன்று பேசியதை மறைப்பது நன்றிகெட்ட செயல்.

தமிழருக்குள்ளும் பிளவு வந்தது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்தார். பிறகு அமைச்சரவையில் சேர்ந்து அடுத்த சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அதை ஏற்க முடியாமல் விலகிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டத் தமிழருக்கு நடப்பது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நடக்கும் என்பது அவருடைய எச்சரிக்கை. ஏழு வருடத்துக்குள், 1956இல், சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஒரு கூட்டத்தின் வாக்கைப் பறிக்க ஒருமுறை பழகிய பாராளுமன்றத்துக்கு அடுத்த கூட்டத்தின் மொழியைத் தள்ளுவது கடினமாக இருக்கவில்லை.

1952 ஏப்ரலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மாதக்கணக்கில் நடந்தது. அரசாங்கம் அசையவில்லை. தோற்றுப்போன போராட்டம் என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது அப்படித் தெரியவில்லை. இந்த நாட்டுக்கு விசுவாசம் இல்லாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், இந்த நாட்டின் பிரஜையாக ஏற்றுக்கொள் என்று கேட்டுப் பட்டினி கிடந்தார்கள். இதைவிடப் பெரிய தேசப்பற்றை எந்தக் கொடியேற்றத்தில் பார்க்க முடியும்?

அவர்களைக் கேட்காமல்

1964 ஒக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டு நாட்டிலும் அப்போது ஜனநாயக ஆட்சிதான். சம்பந்தப்பட்டவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை. வாக்கில்லாதவர்களைக் கேட்பதற்கு எந்தத் தலைவருக்கும் அவசியம் இருக்கவில்லை. வாக்கு என்றால் என்ன என்று ஒரு சிறு பிள்ளைக்கு விளக்க வேண்டுமானால் இந்த ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும்.

போனவர்கள் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் இறங்கி, நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி என்று சிதறினார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களும் போட்டது. இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். 1983க்குப் பின் கப்பல் நின்றது, ஒப்பந்தம் தேங்கியது, பலர் இரண்டும் இல்லாமல் நின்றார்கள்.

இழந்தது வாக்கு மட்டுமல்ல. பிரதேச சபைகள் பற்றிய 1987 சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்களின் வாக்கில் தெரிவான உறுப்பினரால் அவர்கள் லயத்துக்குப் போகும் பாதையைப் போட முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஆட்சியின் வட்டத்துக்கு வெளியே ஒருமுறை ஒரு சனத்தைத் தள்ளிவிட்டால், உள்ளே எடுத்த பிறகும் சட்டப் புத்தகத்தின் மூலைகளில் அந்தத் தள்ளல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

திரும்பி வந்தது எப்படி?

யாருடைய கருணையாலும் அல்ல. 1977இல் மூன்று அங்கத்தவர் தொகுதியான நுவரெலியா - மஸ்கெலியாவிலிருந்து தொண்டமான் தெரிவாகி அடுத்த வருடம் அமைச்சரானார். அதே 1977 மே மாதம் தோட்டக் காணியைப் பறிப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் நின்ற சிவனு லெட்சுமணன் பொலிசாரின் சூட்டில் உயிரிழந்தார். 1986 தைப் பொங்கலோடு தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலையில் மலைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தம் என்று பெயர் சொல்லவில்லை, ஆனால் கொழுந்து செடியிலேயே நின்றது. அந்த வருடமே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988இல் இன்னொன்று. கடைசியாக 2003இல், 35ஆம் இலக்கச் சட்டம், பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அதன்பின் நடந்த பதிவு முகாம்களில் சுமார் பத்து நாட்களுக்குள் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகளானார்கள். 1948இலிருந்து எண்ணினால் 55 வருடங்கள்.

தவறு செய்தது பாராளுமன்றம், திருத்தியதும் பாராளுமன்றம். அப்படியானால் ஜனநாயகம் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. பாராளுமன்றம் தானாகத் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் கோயில் முற்றத்திலும் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். எதிர்க்குரலுக்கு இடம் இருந்ததால் திருத்தம் வந்தது, அந்த இடம் சுருங்கியிருந்ததால் 55 வருடம் ஆனது. 1946 குடிசன மதிப்பில் நூற்றுக்கு 11.7 வீதமாக இருந்த இந்தியத் தமிழர் 2012இல் சுமார் 4 வீதம். பலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்ததும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம். மிச்சத்தைக் கோச்சி கொண்டுபோனது.

நம் வீட்டுக்குள்ளும்

பெரும்பான்மையைக் கேள்வி கேட்கும் நாம், நமக்குள் எழும் கேள்வியை எப்படி நடத்துகிறோம்? தோட்டத்தில் வேறு சங்கத்துக்குச் சந்தா கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஒதுக்கிய காலம் உண்டு. தலைவரை விமர்சித்தால் சமூகத்தையே விமர்சித்ததாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கொழுந்தெடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சம்பளத்தில் சந்தா வெட்டப்படுவது அவர்களுக்கு. சம்பளம் பற்றிப் பேசும் மேசையில் உட்காருவது அநேகமாக ஆண்கள். 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்களில் பலர் எந்தச் சங்கத்தின் அழைப்புக்காகவும் வந்தவர்கள் அல்லர். தோட்டத்தில் பிறந்து கொழும்புக் கடைகளில் வேலை செய்தவர்கள். அவர்களைத் தட்டிக்கொடுக்க மூத்தவர்களுக்கு மனம் வந்திருக்க வேண்டும். சிறுபான்மைக்குள் இருக்கும் சிறுபான்மைக் குரலை மதிக்காத சமூகம், நாட்டிடம் பன்மைத்துவம் கேட்கும்போது அதன் குரல் தளர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். 2020இல் கொவிட் தொற்றால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அதுவும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. பாரம் முஸ்லிம் வீடுகளில் விழுந்தது, கிறிஸ்தவர்களுக்கும் வலித்தது. பிறந்து இருபது நாளான ஒரு சிசுவையும் எரித்தபோது பொரளை மயானத்தின் வேலியில் பல மதத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. உள்நாட்டு எதிர்ப்போடு வெளிநாட்டு அழுத்தமும் சேர்ந்துதான் அந்த மாற்றம் வந்தது. இருந்தாலும் 1948க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த முறை பாதிக்கப்படாதவர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

ஒரு ஜனநாயகம் நலமாக இருக்கிறதா என்று பார்க்கத் தேர்தல் நாளில் வரிசை எவ்வளவு நீளம் என்று அளந்து பயனில்லை. வரிசையில் நிற்க விடாதவர்கள் யார், அவர்களுக்காக வரிசையில் நிற்பவர் யாராவது பேசுகிறாரா, பேசியவர் மறுநாள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். 1948இல் முதல் கேள்விக்கான பதில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள்.

இதைப் படிக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு இரண்டு வேண்டுகோள். பதினெட்டு வயது ஆனதும் கிராம உத்தியோகத்தரிடம் போய் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரைப் பதியுங்கள், வீட்டில் இருக்கும் பழைய பிறப்புச் சான்றிதழ்களையும் பிரஜாவுரிமைப் பத்திரங்களையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை இந்த நாட்டில் வேறு எந்தக் கூட்டத்தையாவது பார்த்து இவர்கள் நம் ஆட்கள் அல்லர் என்று யாராவது சொன்னால், உங்கள் தாத்தாவுக்கு நடந்ததை எழுந்து நின்று சொல்லுங்கள்.